கவிழ்ந்த செருப்புகளும் ஒரு புது ஆல்பமும்

1

புது ஆல்பம் வந்துவிட்டது என்ற செய்தி எனக்கு மெல்பர்னில், வேலைக்குப் போகிற ரயிலில் கிடைத்தது. ஜூலை மாதக் குளிர். கையுறையைக் கழற்றாவிட்டால் கைப்பேசித் திரை வேலை செய்யாது, கழற்றினால் விரல் வேலை செய்யாது. ஒரு கையைப் பலி கொடுத்து, ‘செருப்புச் சங்கம்’ என்ற எங்கள் வாட்ஸப் குழுவைத் திறந்தேன். சென்னையில் இன்னும் விடிந்திருக்காது. ஆனால் ஐம்பதைத் தொட்டவர்களும் தாண்டியவர்களுமாக அத்தனை பேரும் கண்விழித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நம்ம காது என்ன பாவம் பண்ணிச்சு?”

“முப்பது வருஷமா இதுக்குத்தான்யா காத்துக்கிட்டிருந்தேன்.”

“குரல் போயிடுச்சு.”

“இப்பதான் குரல் வந்திருக்கு.”

“டிரம்ஸை மட்டும் கேளுங்க. மீதியை மன்னிச்சு விட்டுடுங்க.”

ஒருவர் அழுதுகொண்டே குரல் பதிவு அனுப்பியிருந்தார். ஆனந்தமா ஆத்திரமா என்று தெரியவில்லை, கேட்கவும் யாருக்கும் நேரமில்லை.

‘ஈரச்செருப்பு’ என்ற ராக் குழுவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெசன்ட் நகர் கடற்கரையில் உருவான குழு. நாங்கள் கல்லூரியில் படித்த காலத்தில் தொடங்கி, நான்கு ஆல்பம் போட்டு, அப்புறம் பல வருடம் சும்மா இருந்துவிட்டு, இப்போது ஐந்தாவதைப் போட்டிருக்கிறார்கள். பாடுகிறவன் ஸ்டீபன், கிடார் ரங்கா, டிரம்ஸ் பாபு. பேஸ் கிடாருக்கு யாராவது வருவார்கள், கல்யாணம் ஆனதும் போய்விடுவார்கள். இதுவரை வந்த நான்கு ஆல்பத்திலும் ஒரு வரி தமிழ் கிடையாது, எல்லாம் ஆங்கிலம். ஐந்தாவதில் ஒரு வரி ஆங்கிலம் கிடையாது. எல்லாம் தமிழ், அதிலும் அசல் பட்டணத்துத் தமிழ். சண்டை அதற்குத்தான்.

நானும் கேட்டேன். மூன்றாவது பாட்டில் காதிலிருந்து கழற்றிவிட்டேன். பாட்டு மோசம் என்று சொல்ல முடியவில்லை, ஆனால் காரணம் தெரியாத ஓர் எரிச்சல். அந்த எரிச்சலில் இறங்க வேண்டிய நிலையத்தையும் தவறவிட்டேன். அதையும் சேர்த்து ஸ்டீபனைத் திட்டிக்கொண்டே எதிர்த்திசை ரயிலுக்காகக் காத்திருந்தேன்.

2

ஸ்டீபனும் நானும் அடையாறில் ஒரே தெரு, ஒரே கோயில், ஒரே பாடகர் குழு. இரண்டு வீட்டிலும் அப்பா அம்மா ஆசிரியர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெரியவர்கள் வேளாங்கண்ணிக் கோயில் வாசலில் நின்றுகொண்டு அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை விசாரிப்பார்கள். அந்த விசாரணையிலிருந்து தப்பிக்க ஸ்டீபன் மணலில் இறங்கிவிடுவான், பின்னாலேயே நானும். அங்கே கிடாரோடு உட்கார்ந்திருப்பான் ரங்கா. மயிலாப்பூரிலிருந்து சைக்கிளில் வருகிறவன். கிடாரை வீணைக்கு வந்த வியாதி என்று அவன் வீட்டில் நினைத்தார்கள். பாபு சிந்தாதிரிப்பேட்டை. அவன் அப்பாவுக்கு அங்கே தகரப் பட்டறை. தகரம் தட்டுவதும் டிரம்ஸ் தட்டுவதும் வேறு வேறு என்பதை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

முதல் கச்சேரி ஒரு கல்லூரி விழாவில், கொட்டுகிற மழையில் நடந்தது. பாதியில் ஒரு செருப்பு பறந்து வந்து ஸ்டீபன் காலடியில் விழுந்தது. அவன் குனிந்து எடுத்து, தண்ணீரை உதறி, “ஜோடியையும் போடு மச்சி, பாபுவுக்கு சைஸ் சரியா இருக்கும்” என்றான். கூட்டம் அந்த நிமிடம் அவர்கள் பக்கம் சாய்ந்தது. குழுவுக்குப் பெயரும் அங்கேதான் கிடைத்தது.

அதிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. புது ஆல்பத்தை முதன்முதலாக மேடையில் வாசிக்கிற அன்று, கடைசிப் பாட்டு முடிந்ததும் ரசிகர்கள் ஆளுக்கு ஒரு செருப்பைக் கழற்றி மேடைக்குக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். பிடித்திருந்தால் நிமிர்த்தி வைக்கலாம், பிடிக்கவில்லை என்றால் கவிழ்த்து. யாருடையது எது என்று அடுத்தவர் பார்க்கக் கூடாது. கூடம் காலியானதும் குழுவினர் மட்டும் வந்து பார்ப்பார்கள். மேடைமேல் வைக்கக் கூடாது என்பது ரங்காவின் கண்டிப்பு. கிடாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வாசிக்கவே ஆரம்பிப்பான், அதன் பக்கத்தில் செருப்பை விடுவானா? நம் வீடுகளில் வாசலில் ஒரு செருப்பு கவிழ்ந்து கிடந்தாலே சண்டை வரும் என்று பதறித் திருப்பிப் போடுவார்கள். அதனாலேயே கவிழ்த்து வைப்பதில் எங்களுக்கு அந்த வயதில் அத்தனை குஷி. ஆனாலும் நான்கு ஆல்பத்துக்கும் நிமிர்ந்து கிடந்தவைதான் அதிகம்.

ஸ்டீபன் அன்று பாடியதெல்லாம் நாங்கள் யாரும் பார்க்காத இடங்களைப் பற்றி. முடிவே இல்லாத நெடுஞ்சாலை, பனி கொட்டும் ரயில் நிலையம், ஆளே இல்லாத பெட்ரோல் பங்க். சென்னையில் ஆளே இல்லாத பெட்ரோல் பங்க்கை யார் பார்த்தது? நான் ஆஸ்திரேலியா வந்த புதிதில், ஊருக்கு வெளியே ஒரு சாலையில் அப்படியே ஒன்றைப் பார்த்தேன். ஒரு விளக்கு, சுற்றிலும் வெட்டவெளி. “என்ன இப்படி வெறிச்சோடிக் கிடக்கு” என்றார் கணவர். எனக்கோ ஸ்டீபன் பாட்டும் பெசன்ட் நகர் கடற்கரையும் ஞாபகம் வந்து அழுகை பொங்கிவிட்டது. வெறும் பெட்ரோல் பங்க்கைப் பார்த்து இவள் ஏன் அழுதாள் என்பது அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அலுவலகத்தில் ஒருமுறை அவரவர் ஊர்ப் பாட்டைப் போடச் சொன்னார்கள். நான் ஈரச்செருப்பைப் போட்டேன். “இதுவா உங்க ஊர்ப் பாட்டு?” என்று எங்கள் மேலதிகாரி இரண்டு தடவை கேட்டார். பாவம், சித்தார் வரும் என்று காத்திருந்தார். எனக்கு ஊர் என்றால் இதுதான் என்று அவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

இருபது வருடத்துக்கும் மேலாக அந்த ஆங்கிலப் பாட்டுகளைத்தான் நான் ஊர் என்று காதில் வைத்திருந்தேன். இப்போது அதே ஆள் தமிழில் பாடுகிறான், அதில் வருகிற எதுவும் எனக்குப் பழக்கமாகத் தெரியவில்லை. தமிழச்சிக்குத் தமிழ்ப் பாட்டு எப்படி அந்நியமாகப் போகும்? ஆடி மாதத்தில் சென்னையில் முதல் கச்சேரி என்று அறிவிப்பு வந்தபோது, இந்தக் கேள்விதான் என்னை டிக்கெட் எடுக்க வைத்தது.

3

“நானும் வரேன்” என்றாள் மகள் ரியா. எதற்கு என்று கேட்டேன். “சும்மாதான்” என்றாள்.

ரியாவுக்குப் பத்தொன்பது வயது. தமிழ் கேட்டால் அவளுக்குப் புரியும், அவள் பேசினால் நமக்குப் புரியாது. சிறுமியாக இருந்தபோது என் அண்ணனிடம் போனில் “மாமா, நீ சாப்பிட்டாளா?” என்று கேட்பாள், அவனும் “சாப்பிட்டாள்மா” என்று பதில் சொல்லுவான். நாங்கள் சிரித்த சிரிப்பில்தானோ என்னவோ, பிறகு அவள் அதையும் நிறுத்திக்கொண்டாள். இங்கே அவள் பேசுவதாக நான் எழுதுவது பெரும்பாலும் அவளுடைய ஆங்கிலத்துக்கு என் தமிழ். முதலில் தமிழ் வகுப்பை விட்டாள், அப்புறம் கோயிலை. இப்போது படிப்பை முன்னிட்டு வேறு ஊருக்கே போகப் பார்க்கிறாள். அவள் அறைக் கதவு எப்போதும் மூடியிருக்கும். உள்ளே என்ன கேட்கிறாள், யாரோடு பேசுகிறாள் என்பது எனக்குத் தெரியாது.

பிறந்த ஊருக்குப் போக எனக்கு ‘வெளிநாட்டு இந்தியர்’ என்று ஓர் அட்டை, என் வயிற்றில் பிறந்தவளுக்கு விசா. விண்ணப்பத்தில் பயணக் காரணம் கேட்டார்கள். ‘உறவினரைப் பார்க்க’ என்று போட்டேன். எல்லோரும் அதைத்தானே போடுகிறோம். சென்னை விமான நிலையத்தில், மீசையை முறுக்கிவிட்ட ஒரு குடியேற்ற அதிகாரி ரியாவிடம் அதே கேள்வியைக் கேட்க, அவள் பளிச்சென்று “ராக் கச்சேரிக்கு” என்று சொல்லிவிட்டாள். நான் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன்.

அதிகாரி நிமிர்ந்தார். “எந்த பேண்டு?”

“ஈரா செருப்பூ.”

முத்திரை குத்தப் போன கை அந்தரத்தில் நின்றது. அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “புதுசு கேட்டீங்களா மேடம்? எனக்கு என்னவோ அந்த ரெண்டாவது ஆல்பம்தான். இதுல அவர் அந்தக் கத்தலையே விட்டுட்டாரு.”

பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர் இந்தப் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “அவனுக்கு ஒண்ணும் தெரியாது மேடம். புதுசுதான் டாப்பு.”

முத்திரை ஓங்கி விழுந்தது. எங்கள் மேல் கோபமில்லை, அந்த ஆள் மேல்தான் என்று புரிந்தது.

4

மறுநாள் தி. நகரில் குமரேசன் கடைக்குப் போனேன். செருப்புச் சங்கத்தின் தலைவர் என்று தன்னைத்தானே நியமித்துக்கொண்டவன். அவன் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து வைத்த ஜவுளிக்கடை. ஆடித் தள்ளுபடிக் கூட்டம் வாசல்வரை நெரிந்தது. நிற்க இடமில்லாமல் போர்வை மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

“என்னத்தச் சொல்ல பிலோ,” என்றான். பிலோமினா என்ற என் பெயரை முழுசாகக் கூப்பிட அந்த ஊரில் யாருக்கும் பொறுமை கிடையாது. “இங்கிலீஷ் பாட்டுன்னா கடையில நிம்மதியாப் போடலாம். இதைப் போட்டா ஜனங்க சேலைய விட்டுட்டுப் பாட்டைக் கேக்காங்க.”

“நல்லதுதானே?”

“பாட்டுக்கு நல்லது. யாவாரத்துக்கு நல்லதா? நான் கவுத்துதான் வைப்பேன், இப்பமே சொல்லிட்டேன்.”

சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரையில் ஸ்டீபனைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார், வகுப்பு முடிந்து அப்படியே வந்திருந்தான். சட்டைக் கையில் சாக்பீஸ் தூள். தலைமுடி போன இடம் தெரியவில்லை, நடை மட்டும் அதே நடை. சோளம் வாங்கிக் கொடுத்துவிட்டு, மணலில் உட்கார்ந்தான்.

“எதுக்கு திடீர்னு தமிழ்?” என்று நேராகவே கேட்டேன்.

“திடீர்னு இல்ல. கிளாஸ்ல பசங்களுக்கு தினம் தமிழ்லதான் சொல்லித் தரேன். அம்மா செத்தப்ப தமிழ்லதான் அழுதேன். பாடறதுக்கு மட்டும் எதுக்கு வேஷம் கட்டிக்கிட்டு எங்கயோ போறேன்னு தோணுச்சு.”

பிறகு விஷயத்துக்கு வந்தான். நிகழ்ச்சி நடத்தும் ஒருவர் ஊர் ஊராக மேடை ஏற்பாடு செய்து தருகிறேன் என்கிறாராம். ஒரே நிபந்தனை, பழைய பாட்டு மட்டும்தான் பாட வேண்டும்.

“பழசையே பாடிக்கிட்டு நின்னா அது நாங்க இல்ல, எங்க போட்டோ. எனக்கு அது வேணாம் பிலோ. ஞாயித்துக்கிழமை பாதிக்கு மேல கவுந்துதுன்னா நிறுத்திடறேன். பழசும் வேணாம், புதுசும் வேணாம். பாபுகிட்டயும் ரங்காகிட்டயும் சொல்லிட்டேன்.”

“நிறுத்திட்டு?”

“வாத்தியார் வேலை இருக்கே.” சிரித்தான். சிரிப்பில் உயிரே இல்லை. நான் வாயைத் திறந்ததும் கையை நீட்டித் தடுத்தான். “உனக்குப் பிடிச்சுதா இல்லையான்னு இங்க சொல்லாத. எல்லாரையும் மாதிரி செருப்பை வெச்சு சொல்லு.”

சோளத்தைப் பாதியிலேயே காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டேன். இந்தக் குழு இல்லாமல் போனால் என் பழைய நாட்களில் பாதி போய்விடும். பிடிக்காததைப் பிடித்தது என்று சொன்னாலோ, ஸ்டீபனுக்கும் எனக்கும் இருக்கிற பழக்கத்துக்கே அர்த்தமில்லை. அவனிடம் நான் ஒருநாளும் முகத்துக்காகப் பேசியதில்லை.

5

கச்சேரி கொட்டிவாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபங்கள் ஈ ஓட்டும், அதனால் சல்லிசாகக் கிடைத்தது. ஞாயிறு மாலை நான்கு மணிக்கே ராக் கச்சேரி. முந்தைய கல்யாணத்தின் மாப்பிள்ளை பெண் பெயர் தெர்மாகோல் எழுத்தில் இன்னும் சுவரில் இருந்தது. மணமக்கள் உட்காரும் சிவப்பு நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு, ஹோமம் வளர்க்கிற இடத்தில் பாபு டிரம்ஸை நிறுத்தியிருந்தான். குழு உடை மாற்றியது மணமகள் அறையில்.

வழுக்கைகளும் முட்டி உறைகளுமாக எங்கள் கூட்டம் வந்து சேர்ந்தது. சிலர் பிள்ளைகளை இழுத்து வந்திருந்தார்கள். சிலரைப் பிள்ளைகள் இழுத்து வந்திருந்தார்கள். ஸ்டீபனின் குரல் நிஜமாகவே இறங்கியிருந்தது. முன்பு எட்டிப் பிடித்த இடங்களுக்கு இப்போது அவன் போகவே இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலப் பாடினான். ஒரு பக்கம் எழுந்து ஆடினார்கள், இன்னொரு பக்கம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் கையைக் கட்டிய கூட்டத்தில் இருந்தேன். ஆல்பம் முழுக்க வந்த தெருக்களும் மனிதர்களும் எனக்குப் பிடி கொடுக்கவே இல்லை.

கடைசிப் பாட்டு முடிந்ததும் ரியா கழிப்பறையைத் தேடிப் போனாள். செருப்பு வழக்கத்தை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. இந்த வயதில் இதெல்லாமா என்று கேலி செய்வாளோ என்று ஒரு கூச்சம். எல்லோரும் தலையைத் திருப்பிக்கொண்டு வரிசையாக முன்னால் போனார்கள். நானும் போனேன். கண் கலங்கியது என்றெல்லாம் எழுதினால் பொய். எரிச்சலோடுதான் கவிழ்த்து வைத்தேன். பயம் அப்புறம்தான் வந்தது.

கீழே சாப்பாட்டுக் கூடத்தில் டீயும் வாழைக்காய் பஜ்ஜியும். ஒரு காலில் செருப்பு, ஒரு கால் வெறுமை என்று அத்தனை பேரும் நொண்டிக்கொண்டு திரிந்தோம். யார் கவிழ்த்திருப்பார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் நோட்டம் விட்டோம். குமரேசன் என்னைப் பார்க்கவே இல்லை, பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திடீரென்று மேலேயிருந்து பாபுவின் விசில் காதைப் பிளந்தது. ஓடினோம்.

மேடைக்குக் கீழே தரையில் ஸ்டீபன் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் வரிசை வரிசையாகச் செருப்புகள், ஒழுங்காக, எல்லாம் நிமிர்ந்து. அவன் முகம் முழுக்க ஈரம். “ஒண்ணுகூடக் கவுந்து கிடக்கல பிலோ,” என்றான். “ஒண்ணுகூட.”

நானும் குமரேசனும் ஒருவரையொருவர் பார்த்தோம். குறைந்தபட்சம் இரண்டு செருப்பாவது கவிழ்ந்திருக்க வேண்டுமே.

அப்போதுதான் ஓரத்தில் ரியா நிற்பதைப் பார்த்தேன். ஒரு கையில் ஆண் செருப்பு, இன்னொரு கையில் பெண் செருப்பு. இரண்டையும் ஜோடி சேர்க்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, எல்லாம் ஒத்தை ஒத்தையா இருக்கு. நிறைய உல்ட்டாவா வேற இருந்துச்சு. நான் சரி பண்ணேன்.”

ஸ்டீபன் மெதுவாக அவள் பக்கம் திரும்பினான்.

“எத்தனைம்மா உல்ட்டாவா இருந்துச்சு?”

“எண்ணலையே அங்கிள். நிறைய. இல்ல, கொஞ்சம்...” அவள் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டாள். “தப்பு பண்ணிட்டேனா? உல்ட்டாவா இருந்தா சண்டை வரும், இல்ல?”

“யாரு சொன்னா?”

அவள் என்னைக் கை காட்டினாள்.

நான் அவளிடம் ஒருநாளும் அப்படிச் சொன்னதாக ஞாபகமே இல்லை. ஆனால் மெல்பர்ன் வீட்டு வாசலில், எங்கள் காலணிக் குவியலில் ஏதாவது கவிழ்ந்திருந்தால் என் கை தானாகப் போகும், வாய் தானாக முணுமுணுக்கும். தமிழ் வகுப்பை விட்டவள் இதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்திருக்கிறாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டேனா என்றும் இருந்தது.

ரங்காதான் முதலில் பேசினான். “சரியாப் போச்சு. எங்காத்துல அம்மாவும் இதேதான் பண்ணிண்டிருப்பா.”

“பொண்ணு இன்னா தப்பு பண்ணிச்சு?” என்றான் பாபு. “கவுந்து கெடந்தா எவன்தான் சும்மா பாத்துகினு போவான்?”

“திரும்ப ஒருக்கா வைப்போம்,” என்றான் குமரேசன்.

“வேணாம்,” என்றான் ஸ்டீபன். எழுந்து, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேடை விளிம்பில் உட்கார்ந்தான். “அவங்கவங்க செருப்பை வந்து எடுத்துக்குங்க. எடுக்கறப்ப என்கிட்ட வாயால சொல்லிட்டுப் போங்க.”

6

இத்தனை வருடத்தில் யாரும் வாயால் சொன்னதில்லை. குமரேசன்தான் தைரியமாக முன்னால் போனான்.

“கவுத்தேன்,” என்றான். “எல்லாம் மெதுவா இருக்கு. அந்த ரெண்டாம் பாட்டுல வர்ற அப்பங்காரன் பேசுதது எங்க அப்பா பேசுத மாதிரியே இருக்கு. கடையில உக்காந்து எப்படிக் கேக்க?”

“எத்தனை தடவை கேட்ட?”

“அது கெடக்கு, கணக்கில்ல,” என்று செருப்பை மாட்டிக்கொண்டு நகர்ந்தான்.

அடுத்து வந்தவர்களைக் கவனிக்கக் கவனிக்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நிமிர்த்தி வைத்தவர்களில் பலருக்கு ஒரு பாட்டின் பெயரும் தெரியவில்லை. “நீங்க பாடினா நல்லாத்தான் சார் இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கவிழ்த்தவர்களோ வரி வரியாகச் சொல்லித் திட்டினார்கள். நாலாவது பாட்டில் டிரம்ஸ் ஏன் பாதியில் நிற்கிறது என்று ஒருவர் கேட்க, “இன்னாபா நீ, அந்த எடத்துல அடிச்சா பாட்டு செத்துடும்பா” என்று பாபு குச்சியோடு இறங்கி வந்தான். அவருக்குப் பதில் சொல்ல இன்னொருவர் வந்தார். கொஞ்ச நேரத்தில் மண்டபமே மீன் மார்க்கெட் ஆகிவிட்டது.

ரியாவுக்கு அங்கே செருப்பு இல்லை. ஆனாலும் ஸ்டீபன் அவளைக் கூப்பிட்டான். “நீ சொல்லும்மா.”

“பிடிச்சிருக்கு அங்கிள். பாதி எனக்குப் புரியல. அதான் திரும்பத் திரும்பக் கேட்டேன். ட்ராம்ல, ரூம்ல, எல்லா இடத்துலயும்.”

நான் அவளையே பார்த்தேன். நான் மூன்றாவது பாட்டில் கழற்றி எறிந்ததை, சுவருக்கு அந்தப் பக்கம் இவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். சும்மாதான் வருகிறேன் என்று சொன்னவள்.

“இன்னா நைனா, நிறுத்தறியா இல்லியா? சொல்லித் தொலை,” என்றான் பாபு.

“இன்னும் ஒரு ஆள் பாக்கி,” என்று ஸ்டீபன் என்னைப் பார்த்தான்.

சண்டை அடங்கியது. நான் போய் என் செருப்பை எடுத்தேன். “கவுத்துதான் வெச்சேன்,” என்றேன்.

“தெரியும். ஏன்?”

“இதுல நான் எங்கயும் இல்ல ஸ்டீபன்.” இங்கிலீஷில் இதைவிட நாசூக்காகச் சொல்லியிருப்பேன், அவனிடம் அது சரிப்படாது. “அஞ்சாவது பாட்டுல ஒரு தெரு வருது. ஆத்துத் தண்ணி உள்ள வந்துடுது, எல்லாரும் சாமானை மாடிக்கு ஏத்தறாங்க. அதுக்கு மேல நான் காது குடுக்கல. அது எந்தத் தெருன்னே எனக்குத் தெரியல. பொறந்து வளந்த ஊர்ல எனக்குத் தெரியாத தெரு. எப்படிப் பிடிக்கும், சொல்லு?”

அவன் மேடை விளிம்பிலிருந்து இறங்கி என் முன்னால் வந்து நின்றான்.

“நம்ம தெருதான் பிலோ,” என்றான்.

வெள்ளம் வந்த வருடம் நான் மெல்பர்னில் தொலைக்காட்சி முன்னால் விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். அத்தனை பேருக்கும் போன் போட்டேன், பணம் அனுப்பினேன். எங்கள் தெருவைத் திரையில் காட்டவே இல்லை. அப்பா அம்மா இருவரும் அதற்கு முன்பே போய்விட்டார்கள், அண்ணன் துபாயில், வீடு பூட்டிக் கிடந்தது. காலி வீட்டுக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“எதுவரைக்கும் வந்துச்சு?” என்றேன்.

அவன் உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக் காட்டினான்.

“அதை இன்னொரு தடவை பாடு.”

“அப்ப நிறுத்தல,” என்றான் பாபு.

“போய் ஒக்காருடா,” என்றான் ஸ்டீபன். ரங்கா கிடாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

இந்த முறை நான் கையைக் கட்டவில்லை. ரியா என் பக்கத்தில் வந்து நின்றாள். பாட்டில் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. தெருவில் இருந்த எல்லோரும் அவரவர் சாமானைத் தூக்கி முடித்துவிட்டார்கள். அப்புறம் ஒரு பூட்டிய வீடு வந்தது. வெளியூரில் இருப்பவர்களின் வீடு. யாரோ பூட்டை உடைக்கிறார்கள், நான்கு பேர் நெஞ்சளவு தண்ணீரில் உள்ளே போய், அந்த வீட்டு வாத்தியார் படுத்திருந்த தேக்குக் கட்டிலைக் கழற்றி மாடிக்கு ஏற்றுகிறார்கள். பிறகு புதுப் பூட்டு ஒன்றை வாங்கிப் பூட்டுகிறார்கள்.

வீட்டை விற்பதற்காக ஊருக்கு வந்த அண்ணன், சாவி பொருந்தவில்லை, பூட்டை உடைத்துத்தான் திறந்தேன் என்று போனில் சொன்னான். அப்பாவின் கட்டில் மாடி அறையில் கிடக்கிறது, யார் ஏற்றியிருப்பார்கள் என்றும் கேட்டான். இருவரும் கொஞ்ச நேரம் யோசித்தோம், அப்புறம் மறந்துவிட்டோம். ஸ்டீபனோடு அதற்குப் பிறகு எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போதும் என்னைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு பாடினான்.

ரியா என் கையை இழுத்தாள். “அம்மா, இந்த லைன் மட்டும் எனக்குப் புரியவே இல்ல. யார் வீடு அது?”

“நம்ம வீடு,” என்றேன்.